கனமில்லாத சீஸ் ஸ்கோன்: முதல் முறை செய்கிறவர்களுக்கு

இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், மழைக்கு ஒதுங்கிய ஒரு சின்னத் தேநீர்க் கடையில்தான் சீஸ் ஸ்கோனை முதலில் சாப்பிட்டேன். உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு, மேலே சீஸ் உருகிக் காய்ந்த பொன்னிற முறுகல், கையால் பிட்டதும் நடுவில் தானாகவே இரண்டாகப் பிரிந்து ஆவி வந்தது. டீயோடு ஒரு வடையோ பக்கோடாவோ சாப்பிட்டுப் பழகிய நாக்குக்கு உப்பும் லேசான காரமும் உள்ள இந்த ரொட்டி உடனே பிடித்துவிடும். மறுவாரமே வீட்டில் செய்தேன். வந்தது தட்டையாக, இறுகி, கையில் எடுத்தால் கனக்கிற ஒன்று. அடுத்த முறையும் அப்படியே. குறிப்பை மாற்றினேன், மாவை மாற்றினேன், பேக்கிங் பவுடரைக் கூட்டினேன், எதுவும் உதவவில்லை.

கடைசியில் எங்கள் மாடியில் குடியிருக்கும், எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி நான் செய்வதை நின்று பார்த்தார். மாவைத் திரட்டி நான் பிசைய ஆரம்பித்த நொடியில் "போதும், கையை எடு" என்றார். தப்பு குறிப்பில் இல்லை, என் கையில் இருந்தது. சப்பாத்திக்குப் பிசைந்து பிசைந்து பழகிய கை அது. மாவு பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் கொஞ்சம் உலர்மாவைத் தூவும், வழவழப்பு வரும்வரை விடாது. சப்பாத்திக்கு அது சரி, ஸ்கோனுக்கு அதுதான் கேடு.

அதனால் இதை நம் சமையலறைக் கணக்கிலேயே சொல்கிறேன். சப்பாத்தியை மறந்துவிடுங்கள். புட்டுக்கு மாவு பிசிறத் தெரிந்தவர்களுக்கு ஸ்கோனின் முதல் பாதி ஏற்கெனவே தெரியும். மெதுவடை மாவை ஈரக்கையால் பதமாக எடுக்கத் தெரிந்தவர்களுக்கு இரண்டாம் பாதியும் எளிது. புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியது, எங்கே நிறுத்துவது என்பதை மட்டும்தான்.

கொஞ்சம் பின்கதை. ஸ்காட்லாந்தில் ஓட்ஸ், பார்லி மாவை வட்டமாகத் தட்டி, தோசைக்கல் மாதிரியான இரும்புக் கல்லில் போட்டு, நாலு துண்டாக வெட்டிச் சுட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் ஸ்கோன், அப்போது தட்டையாகத்தான் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் பேக்கிங் பவுடர் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் இப்போது நாம் பார்க்கிற உயரம் கிடைத்தது. பர்மிங்ஹாமில் கடை வைத்திருந்த ஆல்ஃப்ரெட் பேர்ட், தன் மனைவிக்கு ஈஸ்ட் ஒத்துக்கொள்ளாததால் 1843-இல் பேக்கிங் பவுடர் ஒன்றைத் தயாரித்தார். இரண்டு வருடம் கழித்து, 1845-இல், இதே பிரிஸ்டலில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்த ஹென்றி ஜோன்ஸ், எழும்ப வைக்கும் பொருள் ஏற்கெனவே கலந்த செல்ஃப் ரைசிங் மாவுக்குக் காப்புரிமை வாங்கினார். செடார் சீஸுக்குப் பெயர் கொடுத்த செடார் கிராமமும் இங்கிருந்து தூரமில்லை, சாமர்செட்டில், மெண்டிப் குன்றுகளின் அடிவாரத்தில் இருக்கிறது. ஆக, இந்தப் பலகாரத்துக்கு வேண்டிய சரக்கில் பாதி இந்த வட்டாரத்தோடு உறவுள்ளது. பெயரைச் சிலர் ஸ்கோன் என்கிறார்கள், சிலர் ஸ்கான் என்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் பெரும்பாலும் ஸ்கான்தான். எப்படிச் சொன்னாலும் கடையில் கிடைக்கும்.

சரி, அளவுக்கு வருவோம். ஆறு அல்லது ஏழு ஸ்கோன் வரும்.

மைதா 225 கிராம் (இங்கிலாந்தில் ப்ளெய்ன் ஃப்ளவர் என்று கேளுங்கள், ரொட்டிக்கான ஸ்ட்ராங் மாவு வேண்டாம்). பேக்கிங் பவுடர் இரண்டரைத் தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி. உப்பு கால் தேக்கரண்டி, கடுகுப்பொடி அரைத் தேக்கரண்டி, மிளகாய்த்தூள் இரண்டு சிட்டிகை. உப்பில்லாத வெண்ணெய் 50 கிராம், நன்றாகக் குளிர்ந்தது. நாள்பட்ட செடார் சீஸ் 100 கிராம், அதில் 75 உள்ளே, 25 மேலே தூவ. பொடியாக நறுக்கிய சைவ்ஸ் இரண்டு மேசைக்கரண்டி, தைம் இலை ஒரு தேக்கரண்டி. பட்டர்மில்க் 150 முதல் 160 மி.லி. மேலே தடவக் கொஞ்சம் பால்.

தேக்கரண்டி என்றால் 5 மி.லி. அளவுக் கரண்டி, தலைதட்டி அளந்தது. மாவைத் தராசில் நிறுப்பது நல்லது. கப்பில் அமுக்கி அளந்தால் சுலபமாக 30 கிராம் கூடிவிடும், அந்த முப்பதே மாவை இறுக்கிவிடும். செல்ஃப் ரைசிங் மாவு வைத்திருந்தால் அதே 225 கிராம் எடுத்து, பேக்கிங் பவுடரை ஒரு தேக்கரண்டியாகக் குறைத்து, சோடாவை விட்டுவிடுங்கள்.

பட்டர்மில்க் என்பது நம் மோர் அல்ல. அது கெட்டியாக, ஊற்றினால் மெதுவாக வழியும். நம் நீர்மோரை ஊற்றினால் வெறும் தண்ணீர் சேர்த்த மாதிரிதான் ஆகும். கிடைக்காவிட்டால் 100 கிராம் புளித்த கெட்டித் தயிரில் 50, 60 மி.லி. பால் விட்டுக் கடைந்துகொள்ளுங்கள், அதே வேலையைச் செய்யும். அந்தப் புளிப்புக்கு இரண்டு பயன் உண்டு: சோடாவோடு சேர்ந்து குமிழி உண்டாக்குகிறது, மாவின் உள்பகுதியையும் மிருதுவாக்குகிறது. புளிப்பில்லாத வெறும் பாலில் செய்தால் சோடா போடாதீர்கள், வினைபுரிய எதுவும் இல்லாமல் சோப்பு மாதிரி ஒரு கசப்பு தங்கிவிடும். அப்போது பேக்கிங் பவுடரை மூன்று தேக்கரண்டியாக்கிக்கொள்ளுங்கள்.

பேக்கிங் பவுடர் பழசா என்று முதலில் பாருங்கள். கால் டம்ளர் வெந்நீரில் அரைத் தேக்கரண்டி போட்டால் சடசடவென்று பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி வந்தால் தூக்கிப் போட்டுவிடுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் திறந்த டப்பா சீக்கிரமே வீரியம் இழக்கும். புதிதாகச் செய்கிறவர்கள் பலருக்கு ஸ்கோன் எழும்பாமல் போவது இந்த ஒரே காரணத்தால்தான். அதே சமயம் பவுடரைக் கூட்டினால் இன்னும் எழும்பும் என்று நினைக்காதீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். அளவுக்கு மேல் போனால் குமிழிகள் பெரிதாகி, ஒன்றோடு ஒன்று சேர்ந்து உடைந்துவிடும். ஓவனில் உயரமாகத் தெரிவது வெளியே எடுத்ததும் அமுங்கும்.

சீஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சீஸ் ஸ்கோன் கனத்துப் போவதில் பெரும்பங்கு சீஸுக்கு. செடாரில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஓவனில் அது உருகி மாவுக்குள் ஓடும்போது, குமிழியைத் தாங்க வேண்டிய சுவர் இன்னும் வேகாமல் இளசாக இருக்கிறது. சீஸ் அதிகமானால் அந்தச் சுவர் தாங்காது. அதனால் மாவுக்குள் போகும் சீஸ், மாவின் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது என் கணக்கு. அது போதாதே, வாசனையே வராதே என்றால், அளவைக் கூட்டாமல் வீரியத்தைக் கூட்டுங்கள். மைல்ட் செடார் சில மாதங்களே பதப்பட்டது, பால் வாசனைதான் இருக்கும். எக்ஸ்ட்ரா மெச்சூர் என்று எழுதியது ஒரு வருடத்துக்கும் மேல் பதப்பட்டிருக்கும், வாயில் போட்டால் நாக்கோரத்தில் சுருக்கென்று இருக்கும். அது 75 கிராம் போட்டால் மைல்ட் சீஸ் 150 கிராமில் வராத ருசி வரும். இங்கே கடைகளில் சீஸ் பாக்கெட்டின் மேலேயே வீரியத்துக்கு எண் போட்டிருப்பார்கள், பெரிய எண்ணாகப் பார்த்து எடுங்கள். பார்மசான் இருந்தால் செடாரில் 15 கிராமைக் குறைத்து அதைச் சேர்க்கலாம். காய்ந்த சீஸ் என்பதால் கனம் ஏற்றாமல் ருசி மட்டும் ஏற்றும்.

துருவி வைத்த பாக்கெட் சீஸ் வேண்டாம். ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க அதன் மேல் மாவுச்சத்துப் பூசியிருப்பார்கள். கட்டியாக வாங்கி, நீங்களே பெரிய கண் உள்ள பக்கத்தில் துருவுங்கள். பொடியாகத் துருவினால் மாவோடு கரைந்து எல்லா இடத்திலும் எண்ணெய்ப் பசை ஆகும். பெரிதாகத் துருவினால் அங்கங்கே உருகி, அந்த இடத்தில் சின்னப் பொந்து விழும். பிட்டுப் பார்த்தால் அந்தப் பொந்துகளின் ஓரத்தில்தான் சீஸ் ருசி தனியாகத் தெரியும்.

மொசரெல்லா இதற்கு ஆகாது. ஈரம் அதிகம், இழுவை அதிகம், ருசி குறைவு. கட்டி கட்டியாக வரும் ப்ராசஸ்டு சீஸில் செய்து பார்த்திருக்கிறேன். சாப்பிடலாம், ஆனால் அது செடார் மாதிரி உருகாது, உள்ளே ரப்பர் துணுக்கு மாதிரி நிற்கும். உப்பும் கூடுதல், எனவே மாவில் உப்பே போடாதீர்கள். சென்னை, கோவை மாதிரி ஊர்களில் பெரிய கடைகளில் செடார் கட்டியாகக் கிடைக்கிறது, ஒரு முறை அதை வாங்கிச் செய்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள். மேசையில் தடவும் உப்பு வெண்ணெய்தான் வீட்டில் இருக்கிறது என்றாலும் இதே விதிதான், தனி உப்பை விட்டுவிடுங்கள்.

கடுகுப்பொடி எதற்கு என்று கேட்பீர்கள். சாப்பிடும்போது கடுகு தெரியாது, ஆனால் அது இல்லாமல் செய்தால் சீஸின் ருசி மந்தமாக இருக்கும். இங்கே மஞ்சள் நிற ஆங்கிலக் கடுகுப்பொடி டப்பாவில் விற்கிறார்கள். நம் கருங்கடுகை வீட்டில் அரைத்துப் போட்டால் கசப்பு முந்திக்கொள்ளும். ஆங்கிலக் கடுகுப்பொடி கிடைக்காத இடத்தில் புதிதாகப் பொடித்த மிளகு அரைத் தேக்கரண்டி போதும், எனக்கு அதுவும் பிடிக்கும்.

இலைகளில் சைவ்ஸ்தான் இதற்கு முதல் தேர்வு. வெங்காய வாசனை, ஆனால் சாந்தமானது. அது இல்லாத ஊரில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியை மெல்லிசாக நறுக்கிப் போடுங்கள், அடியிலுள்ள வெள்ளைப் பகுதி நீர் விடும் என்பதால் வேண்டாம். தைம் சீஸோடு நன்றாகச் சேரும், இலையை மட்டும் உருவி எடுக்க வேண்டும், காம்பு பல்லில் மாட்டும். ரோஸ்மேரி வீரியமானது, பொடியாக நறுக்கி அரைத் தேக்கரண்டிக்கு மேல் போனால் தைலம் மாதிரி ஆகிவிடும். நீலகிரியில் தைமும் ரோஸ்மேரியும் பயிராகின்றன, அந்தப் பக்கம் போகிறவர்கள் ஒரு கட்டு வாங்கி வந்து நிழலில் உலர்த்தி வைத்துக்கொள்ளலாம். காய்ந்த இலை என்றால் பச்சை இலை அளவில் மூன்றில் ஒரு பங்கு. இங்கிலாந்தில் இருக்கிறவர்களுக்கு ஏப்ரலில் மரத்தடி நிழல்களில் காட்டுப்பூண்டு இலை கிடைக்கும், அதை நறுக்கிப் போட்ட ஸ்கோனுக்கு ஈடே இல்லை. ஆனால் அதைப் போலவே இலை உள்ள நச்சுச் செடிகளும் பக்கத்திலேயே முளைக்கும். கசக்கி முகர்ந்தால் பூண்டு வாசனை வர வேண்டும், ஒரு இலை கையில் பட்டதும் அடுத்ததும் அதே வாசனையாகத் தோன்றும் என்பதால் தெரிந்தவர் உடன் இல்லாமல் பறிக்காதீர்கள்.

எந்த இலையானாலும் கழுவியபின் துணியில் ஒற்றி முழுதாக உலர்த்துங்கள். இரண்டு இலையைச் சேர்க்கலாம், நாலைச் சேர்த்தால் எது எதுவென்று தெரியாது.

இனி செய்முறை. முதலில் ஓவனை 220 டிகிரிக்கு வையுங்கள், விசிறி உள்ள ஓவனானால் 200. ஓ.டி.ஜி. (மேடையில் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) என்றால் மேல் கம்பி, கீழ்க் கம்பி இரண்டையும் போட்டு, முழுதாக இருபது நிமிடம் காய விடுங்கள். சூடாகிவிட்டதாக விளக்கு அணைந்தாலும் நம்பாதீர்கள், அப்போது காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர் இல்லை. கதவைத் திறந்து தட்டை வைக்கும் அந்தப் பத்து நொடியில் சூடெல்லாம் வெளியே போய்விடும். ஸ்கோனுக்கு முதல் ஐந்து நிமிடச் சூடுதான் உயிர், அதில்தான் வெண்ணெயில் உள்ள நீர் ஆவியாகி மாவைத் தூக்குகிறது. மந்தமான ஓவனில் வெண்ணெய் ஆவி விடாமல் வெறுமனே உருகி ஓடும்.

அகலமான பாத்திரத்தில் மைதா, பேக்கிங் பவுடர், சோடா, உப்பு, கடுகுப்பொடி, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் சலித்துப் போடுங்கள். வெண்ணெயைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டிப் போட்டு, விரல் நுனியால் மட்டும் மாவோடு தேய்த்துப் பிசிறுங்கள். உள்ளங்கை படக் கூடாது, அதில் சூடு அதிகம். மாவை அள்ளி உயரத்திலிருந்து உதிர்த்தபடி செய்தால் கொஞ்சம் காற்றும் ஏறும். எதுவரை? புட்டு மாவு பதம் வரை. பிடித்தால் பிடிபட்டு, தட்டினால் உதிர வேண்டும். நடுநடுவே துவரம்பருப்பு அளவில் வெண்ணெய்த் துணுக்குகள் இருந்தால் இருக்கட்டும், அவற்றைத் தேடித்தேடி நசுக்க வேண்டாம். அவைதான் ஓவனில் ஆவியாகி அடுக்கு விடுகிறவை.

சென்னை வெயிலில் இதைச் செய்யும்போது வெண்ணெய் நிமிடத்தில் இளகிவிடும், மாவு புட்டு மாவாகாமல் களிம்பாகும். அதற்கு வழி, வெண்ணெய்க் கட்டியை இரண்டு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கேரட் துருவுவதுபோல் நேராக மாவில் துருவி, முள்கரண்டியால் கலந்துவிடுவது. மைதாவையும் பாத்திரத்தோடு அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்நாட்டில் இருந்துகொண்டே கோடையில் நானும் இப்படித்தான் செய்கிறேன்.

பிறகு 75 கிராம் சீஸையும் இலைகளையும் சேர்த்து, கையால் ஒரு முறை புரட்டுங்கள், ஒவ்வொரு சீஸ் துருவலிலும் உலர்ந்த மாவு ஒட்ட வேண்டும். பட்டர்மில்க் ஊற்றுவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் சீஸ் ஒரே இடத்தில் திரளாது, பின்னால் கலக்க வேண்டிய வேலையும் குறையும்.

இப்போது நடுவில் குழி பறித்து, 150 மி.லி. பட்டர்மில்க்கையும் ஒரே தடவையில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு தடவை கிளற வேண்டியிருக்கும். கரண்டி வேண்டாம், மழுங்கிய கத்தி ஒன்றை எடுத்து வெட்டுவது மாதிரி, பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டே கலந்துவிடுங்கள். பதினைந்து இருபது வெட்டில் மாவு திரண்டுவிடும். அடியில் உலர்மாவு தங்கினால் மீதிப் பத்து மி.லி.யைத் தெளித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில்தான் மனம் பதறும். மாவு மேடும் பள்ளமுமாக, ஈரமாக, விரலில் ஒட்டிக்கொண்டு, பார்க்கவே ஒழுங்கில்லாமல் இருக்கும். அதுதான் சரியான பதம். மெதுவடை மாவைவிடக் கொஞ்சம் கெட்டி, சப்பாத்தி மாவைவிட நிறையவே தளர்வு. இந்த ஈரம்தான் ஓவனில் ஆவியாகி ஸ்கோனை லேசாக்கப் போகிறது. இப்போது நீங்கள் ஒரு பிடி மைதா தூவிப் பிசைந்தீர்கள் என்றால் இரண்டு தப்பு ஒன்றாக நடக்கும்: ஈரம் குறையும், மாவிலுள்ள புரதம் நீரோடு சேர்ந்து குளூட்டன் நார் பின்ன ஆரம்பிக்கும். பிசையப் பிசைய அந்த நார் முறுக்கேறும். பரோட்டா மாவு வீசினால் கிழியாமல் விரிவது அந்த நாரால்தான். ஸ்கோனில் அதே நார், எழும்ப வருகிற மாவைப் பிடித்துக் கீழே இழுக்கும்.

மேடையில் நன்றாக மைதா தூவி மாவைக் கொட்டுங்கள். மேலேயும் கையிலும் கொஞ்சம் தூவிக்கொள்ளுங்கள், மேற்பரப்புக்கு மட்டும். உள்ளங்கையால் மெதுவாகத் தட்டிச் செவ்வகமாக்கி, பாதியாக மடியுங்கள். திருப்பி மறுபடி தட்டி, மறுபடி மடியுங்கள். மூன்று தடவை, அதிகம் போனால் நாலு. போர்வை மடிக்கிற மாதிரிதான், அமுக்கக் கூடாது. ஒவ்வொரு மடிப்பும் ஒரு அடுக்கு, கடைசியில் ஸ்கோன் கத்தியில்லாமல் நடுவில் பிரிவதற்குக் காரணம் இதுவே. பூரிக்கட்டை வேண்டாம், குமிழியை நசுக்கிவிடும்.

இரண்டரை முதல் மூன்று சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டி நிறுத்துங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டவே வேண்டாம். முதல் முறை செய்கிறவர்கள், ஓவனில் எழும்பிவிடும்தானே என்று ஒரு சென்டிமீட்டருக்குத் தட்டிவிடுவார்கள், அது பிஸ்கட் ஆகும். அளவுகோலை வைத்தே பாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆறு சென்டிமீட்டர் அகலமுள்ள கூரான வட்டக் கட்டரை மைதாவில் முக்கி, நேராகக் கீழே இறக்கி, நேராக மேலே எடுங்கள். திருகாதீர்கள். திருகினால் ஓரத்து அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொள்ளும், ஸ்கோன் ஒருபக்கம் சாய்ந்து எழும்பும். கட்டர் இல்லை என்று டம்ளரைக் கவிழ்த்து வெட்டாதீர்கள், மழுங்கிய விளிம்பு அதே வேலையைச் செய்துவிடும். அதைவிட நல்ல கத்தியால் சதுரமாக வெட்டிவிடலாம். மீந்த ஓரமும் இருக்காது, மறுபடி திரட்டித் தட்டுகிற வேலையும் இல்லை. உண்மையில் நான் இப்போது சதுரமாகத்தான் வெட்டுகிறேன். வட்டத்தில் மீந்ததைச் சேர்த்துச் செய்யும் கடைசி இரண்டு ஸ்கோன் எப்போதும் கொஞ்சம் இறுக்கமாகவே வரும், அதை வீட்டுக்காரர்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், விருந்தாளிக்கு வேண்டாம்.

பேக்கிங் தாள் விரித்த தட்டில், ஒன்றுக்கொன்று ஒரு விரல் இடைவெளியில் அடுக்குங்கள். நெருக்கமாக இருந்தால் ஒன்றுக்கொன்று அணைவாகி நேராக மேலே எழும்பும். நேரமிருந்தால் தட்டை அப்படியே பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள், வெண்ணெய் மறுபடி இறுகும், மாவும் தளரும். மேல்பக்கத்தில் மட்டும் பால் தடவுங்கள். ஓரத்தில் வழிந்தால் அங்கே மாவு ஒட்டிக்கொண்டு எழும்ப முடியாது, வழிந்தால் துடைத்துவிடுங்கள். மீதிச் சீஸை நடுவாகத் தூவுங்கள், அது உருகித் தானாகவே ஓரத்துக்கு வரும்.

ஓவனின் நடுத்தட்டுக்குச் சற்று மேலே வைத்து 12 முதல் 15 நிமிடம். முதல் பத்து நிமிடம் கதவைத் திறக்காதீர்கள். மேலே பொன்னிறம் வந்து, பக்கவாட்டில் வெளிர் மஞ்சளாக, தொட்டால் காய்ந்திருக்க வேண்டும். ஒன்றை எடுத்துத் திருப்பி அடியில் விரலால் தட்டினால் பொள்ளலான சத்தம் வரும். சின்ன ஓ.டி.ஜி.யில் மேல் கம்பி அருகில் இருப்பதால் சீஸ் சீக்கிரம் கருகப் பார்க்கும், எட்டாவது நிமிடமே நிறம் வந்துவிட்டால் மேல் கம்பியை மட்டும் அணைத்துவிட்டுத் தொடருங்கள்.

வெளியே எடுத்ததும் கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள், சூடான தட்டிலேயே விட்டால் அடி வியர்த்துப் போகும். ஐந்து நிமிடமாவது பொறுங்கள். அதற்கு முன் பிட்டால் உள்ளே இன்னும் ஈரப்பசையாக, வேகாத மாதிரி தெரியும், ஆனால் வெந்துதான் இருக்கும்.

இரண்டு மூன்று முறை செய்தும் சரியாக வரவில்லை என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன். அகலமாகப் பரவி, உயரம் வராமல் போனால் வெண்ணெய் இளகியிருந்தது அல்லது ஓவன் காயவில்லை. எழும்பியது, ஆனால் மெல்லும்போது ரொட்டி மாதிரி இழுக்கிறது என்றால் கை அதிகம் பட்டிருக்கிறது. உதிர்ந்து, வாயில் மாவாக அப்பினால் ஈரம் போதவில்லை, அடுத்த முறை 10 மி.லி. கூட்டுங்கள், எல்லா மாவும் ஒரே அளவு நீரைக் குடிப்பதில்லை. அடியில் எண்ணெய் கசிந்து பொரித்த மாதிரி இருந்தால் சீஸ் கூடிவிட்டது. நாக்கில் கசப்பு தங்கினால் சோடா கூடுதல் அல்லது சரியாகச் சலிக்கவில்லை. ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், எல்லாவற்றையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்று தெரியாமலே போய்விடும்.

சாப்பிடும்போது கத்தியால் வெட்டாமல் கையால் பிரித்து, சூடு இருக்கும்போதே ஒரு துண்டு வெண்ணெய் வைத்து உருக விடுங்கள். இங்கே தக்காளி சூப்போடும், லீக்ஸும் உருளைக்கிழங்கும் போட்ட சூப்போடும் மதியச் சாப்பாடாகவே சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் மிளகு ரசத்தைக் கோப்பையில் ஊற்றிக் குடித்தபடி இதைக் கடிக்கிறோம், குளிர்நாளில் வேறொன்றும் வேண்டாம்.

செய்த அன்றைக்கே சாப்பிட வேண்டியது இது. மறுநாள் மிஞ்சினால் 170 டிகிரி ஓவனில் ஐந்து நிமிடம் காட்டினால் மேல் முறுகல் திரும்பி வரும். மைக்ரோவேவில் வைத்தால் முதல் நிமிடம் மிருது, ஆறியதும் தோல்.

அதைவிட நல்ல வழி, வெட்டிய பச்சை ஸ்கோன்களைத் தட்டோடு ஃப்ரீசரில் வைத்து, கல்லானதும் ஒரு பையில் போட்டு மூடி வைப்பது. ஒரு மாதம் வரை நன்றாக இருக்கும். வேண்டும்போது இளக விடாமல், அப்படியே எடுத்துப் பால் தடவி, சீஸ் தூவி, அதே 220 டிகிரியில் 17, 18 நிமிடம். நான் ஞாயிற்றுக்கிழமை இரண்டு மடங்கு செய்து பாதியை இப்படி வைத்துவிடுகிறேன். வேலைநாள் மாலையில் ஓவன் காய்கிற நேரத்துக்குள் டீத்தண்ணி கொதித்துவிடும், யாராவது திடீரென்று வந்தாலும் கவலை இல்லை. பையின் மேல் தேதியும் உள்ளே போட்ட இலையின் பெயரும் எழுதி வையுங்கள், உறைந்தபின் தைமா ரோஸ்மேரியா என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.